விபத்துக் களமும் காமிராக் கண்ணும்

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகும் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மலைக்கு ஏறும் சாலைகளிலே கொண்டை ஊசி வளைவுகள் மிகுதி. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அவ்வளைவுகளில் விரைகின்றன. மழைக்காலம் வந்தால் மலையே சாலைமீது சரிகின்றது. எல்லைப் பகுதியில் வாழும் தமிழர்க்கு விபத்து என்னும் சொல் புதியதன்று.

விபத்துச் செய்தியைப் படிக்கும் நாம், இறந்தோர் எத்தனை பேர், காயமுற்றோர் எத்தனை பேர் என்று பார்க்கிறோம். மீட்பு வேலை செய்தவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் அக்களத்தில் காமிராவுடன் நின்ற ஒருவரைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் செய்தித்தாளுக்குப் படம் எடுப்பவர் அல்லர், போலீசாருக்காக எடுப்பவர். சிதைந்த வண்டியையும் சிதைந்த உடலையும் அவர் பார்த்தே ஆக வேண்டும். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அவருக்கு அவ்வுரிமை இல்லை.

அவர் எடுக்கும் படம் எதற்குப் பயன்படுகிறது? அதை எடுப்பதால் அவர் மனத்திற்கு நேர்வது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரை. என் தாய்மாமன் பாலக்காடு மாவட்டத்தின் எல்லையூர் ஒன்றில் சிறிய ஸ்டூடியோ வைத்திருப்பவர். திருமணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகியவையே அவர் தொழில். ஆயினும் நள்ளிரவில் போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், காமிராவை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். நானோ மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்று இங்கே இயற்பியல் பயில்பவன். அவரிடம் கேட்டறிந்தவற்றையும் நூல்களில் கற்றவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

படம் எடுப்பது எதற்காக?

விபத்து நடந்த இடம் நெடுநேரம் அப்படியே இருப்பதில்லை. போக்குவரத்து நின்றுவிட்டதால் வண்டிகளை அகற்ற வேண்டும். காயமுற்றோரை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். மழை பெய்தால் டயர்த் தடம் அழிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் அவ்விடம் மற்ற சாலையைப் போலவே ஆகிவிடும். ஆனால் வழக்கோ ஆண்டுக்கணக்கில் நடக்கும். மறைந்துபோன களத்தை நீதிபதியின் முன் மீண்டும் வைப்பதற்குப் புகைப்படம் வேண்டும்.

இத்துறைக்கு ஒழுங்கு வகுத்தவர்களுள் முதல்வராகப் பிரெஞ்சு நாட்டு அல்ஃபோன்ஸ் பெர்த்தியோனைக் கூறுவர். பாரிஸ் நகரப் போலீசில் பணியாற்றியவர், 1914இல் மறைந்தார். உயரமான முக்காலியின்மேல் காமிராவை நிறுத்தி, மேலிருந்து கீழ்நோக்கிப் படம் எடுப்பது அவர் முறை. படத்தின் ஓரங்களில் அளவுக் குறிகள் இருக்கும். அவற்றைக் கொண்டு, பொருள்களுக்கு இடையேயுள்ள தொலைவைப் பின்னர்க் கணக்கிடலாம். படம் வெறும் காட்சியாக நில்லாமல் அளவையாகவும் ஆனது அங்கேதான்.

இன்றும் அடிப்படை மாறவில்லை. முதலில் தொலைவில் நின்று, சாலையும் வளைவும் வண்டிகளும் ஒருங்கே தெரிய ஒரு படம். அடுத்து நடுத்தொலைவில் நின்று, ஒரு வண்டிக்கும் மற்றொரு வண்டிக்கும் உள்ள உறவு விளங்க ஒரு படம். பின்னர் அருகில் சென்று, உடைந்த விளக்கையோ கிழிந்த டயரையோ தனித்தனியே காட்டும் படங்கள். அருகிலிருந்து எடுக்கும் படங்களில் அளவுகோலும் வைக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படத்தில் ஒரு கீறல் விரல் நீளமா, முழ நீளமா என்று எவரும் சொல்ல முடியாது. இப்படங்கள், போலீசார் எழுதும் மகஜருக்கும் வரையும் வரைபடத்திற்கும் துணையாக நிற்கின்றன.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் இதைக் கடமையாகவே ஆக்கியுள்ளது. விசாரணை அதிகாரி இடத்தைப் பார்வையிட்டுப் படம் எடுத்து, அளவுப்படி வரைபடமும் தயாரிக்க வேண்டும். 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்குச் செல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் படத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதற்குரிய சான்றிதழும் கொடுக்க வேண்டும். பிலிம் காலத்தில் நெகடிவைப் பத்திரமாக வைத்திருந்து கோர்ட்டில் காட்டுவார்களாம். இன்று மெமரி கார்டையும் சான்றிதழையும் காட்டுகின்றனர்.

டயர்த் தடம் சொல்லும் கணக்கு

படத்திலிருந்து வேகத்தைக் கண்டறிய முடியுமா? முடியும். நாம் உயர்நிலைப் பள்ளியில் படித்த இயக்கவியலே அதற்குப் போதும்.

ஓட்டுநர் பிரேக்கை அழுத்திச் சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டால், வண்டி சாலைமீது தேய்ந்துகொண்டே செல்லும். அதன் இயக்க ஆற்றல் முழுவதும் உராய்வினால் செலவாகிறது. ஆகவே வேகத்தின் வர்க்கம், உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், தடத்தின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கி இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். வண்டியின் எடை இக்கணக்கில் நீங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்க.

ஓர் எடுத்துக்காட்டு. தடத்தின் நீளம் 30 மீட்டர் என்று கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7. கணக்கிட்டால் விநாடிக்கு 20.3 மீட்டர், அதாவது மணிக்கு 73 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அதே தடம் மழையில் நனைந்த சாலையில் விழுந்திருந்தால், குணகம் 0.4 என்று கொள்ளலாம். அப்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரே. பதினெட்டுக் கிலோமீட்டர் வேறுபாடு! ஓட்டுநர் குற்றவாளியா அல்லரா என்பதே இதனால் மாறிவிடக்கூடும். சாலை நனைந்திருந்ததா என்பதை யார் சொல்வது? சாட்சிகள் மறந்துவிடலாம், மாற்றியும் சொல்லலாம். அன்று எடுத்த படத்தில் சாலை பளபளக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வாறு கிடைப்பது குறைந்த அளவு வேகம் மட்டுமே. தடத்தின் முடிவில் வண்டி எதன்மீதேனும் மோதியிருந்தால், உண்மை வேகம் இதைவிட மிகுதி. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்புள்ள புதிய வண்டிகளில் தடம் மிக மங்கலாகவே விழும். ஆதலால் இக்காலத்தில் வேறு சாட்சிகளும் துணைக்கு வருகின்றன. 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரிக்கு அருகே, பள்ளி மாணவர்களை ஏற்றிச்சென்ற சுற்றுலாப் பேருந்து, கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. மாணவர் ஐவர் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். அப்போது பேருந்தின் வேகம் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் இருந்ததை அதிலிருந்த ஜி.பி.எஸ். கருவியின் பதிவு காட்டியது. ஆனால் கூலி வேலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் பழைய ஜீப்பில் அத்தகைய கருவி எங்கே இருக்கும்? அங்கே படம் ஒன்றே சாட்சி. அந்தப் படம் சரியாக இருந்தால், இறந்தவளின் குழந்தைகளுக்கு இழப்பீடு கிடைக்கும். மங்கிப்போயிருந்தால் வழக்கும் மங்கிவிடும்.

பெயர் தேடும் படங்கள்

படத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. அது இறந்தவர்க்குப் பெயரைத் திருப்பித் தருவது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குச் சிறிது முன்பாக, மூணாற்றுக்கு அப்பாலுள்ள ராஜமலைப் பகுதியில், பெட்டிமுடி என்னும் இடத்தில் மலை சரிந்தது. நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த நான்கு லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தொலைபேசித் தொடர்பு இல்லை, மின்சாரமும் இல்லை. மறுநாள் காலையிலேதான் செய்தி வெளியே வந்தது. 66 உடல்கள் கிடைத்தன. நால்வர் உடல் கிடைக்கவே இல்லை. அவர்களையும் சேர்த்து இறந்தோர் 70 பேர். ஏறக்குறைய எல்லாரும் தமிழர். பலருடைய முன்னோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியிலிருந்து மலையேறியவர்கள். தீயணைப்புப் படையினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் போலீசாரும் ஊர்மக்களும் வாரக்கணக்கில் சேற்றிலும் ஆற்றிலும் தேடினார்கள். ஆற்றோடு போன உடல்கள் கிலோமீட்டர்க் கணக்கில் கீழே கிடைத்தன.

இத்தகைய பேரிடர்களில் உடல்களை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் பிற அமைப்புகளும் சேர்ந்து 2006இல் ஒரு கையேடு வெளியிட்டன. கிடைத்த ஒவ்வோர் உடலுக்கும் தனி எண் ஒன்று கொடுக்க வேண்டும். உடல் சிதையுமுன் விரைவாகப் படம் எடுக்க வேண்டும். தலை முதல் கால் வரை ஒன்று, முழு முகம் ஒன்று, மச்சமோ தழும்போ பச்சை குத்தியதோ இருந்தால் அது ஒன்று. ஒவ்வொரு படத்திலும் அந்த எண் தெரிய வேண்டும். இவ்வளவே விதி. முகத்தைப் பார்த்து மட்டும் அடையாளம் சொல்வது பலமுறை தவறிவிடுகிறது. ஆதலால் கைரேகை, பல் அமைப்பு, மரபணு ஆகிய மூன்றையே அறிவியலார் உறுதியான சான்றாகக் கொள்கின்றனர். 2024 ஜூலை 30இல் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நேர்ந்த நிலச்சரிவில், அடையாளம் தெரியாத உடல்களை எண்ணிட்டுப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். மரபணுச் சோதனையின் வழியே அவ்வெண்களுள் பல பின்னர்ப் பெயர்களாக மாறின.

எண்ணோடும் ஒழுங்கோடும் எடுத்த படம் இது. ஒழுங்கில்லாத படம் வேறொன்று உண்டு. பெட்டிமுடி சரிந்தபோது எனக்கு வயது 17. எங்கள் தோட்டம் வேறு. ஆனால் அங்கே எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் இருந்தன. தொடர்பு திரும்பியதும் எங்கள் கைபேசியில் படங்கள் வந்து விழத் தொடங்கின. யார் எடுத்தார், யார் அனுப்பினார் என்று தெரியாது. சேற்றில் கிடந்த உடல்கள். என் தாயார் கைபேசியைத் தொட மறுத்துவிட்டார். "தம்பி, நீ பார்த்துச் சொல்லு. நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா? முகம் தெரியலேன்னா சேலையைப் பாரு" என்றார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேலையின் நிறத்தைச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒரு நிறத்தைச் சொன்னபோது, "போதும்" என்றார். அதன்பிறகு நான் எதையும் சொல்லவில்லை.

எண் குறித்த படத்தை, காட்ட வேண்டிய உறவினருக்கு, காட்ட வேண்டிய இடத்தில், அருகில் ஒருவர் துணை நிற்கக் காட்டுவார்கள். எங்களுக்கு வந்த படங்களுக்கு அவ்வாறு எவரும் துணை வரவில்லை.

பார்ப்பவர் சுமக்கும் பாரம்

இனி, கடமைக்காகப் பார்ப்பவரின் நிலையைக் காண்போம்.

என் மாமாவிடம் ஒருமுறை கேட்டேன்: "மாமா, அந்த இடத்துல நிக்கும்போது உங்களுக்குப் பயமா இருக்காதா?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்க பயம் எங்கே மருமகனே வருது? வெளிச்சம் போதுமா, ஃபோகஸ் சரியா, நம்பர் பிளேட் விழுதான்னுதான் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து ராத்திரி கம்ப்யூட்டர்ல படத்தை ஒவ்வொண்ணா திறந்து வரிசைப்படுத்துவேன் பாரு, அப்பத்தான் நான் அங்க போயிருந்தேன்னே தெரியும்."

இச்சொற்களின் உண்மையை மருத்துவ நூல் ஒன்றில் கண்டேன். பெருந்துயரைக் கண்டபின் வரும் மனநோயை, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் ஒரு தனி நோயாகச் சேர்த்தது. அதே சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு, யார் யாருக்கு இந்நோய் வரக்கூடும் என்று விரித்துரைத்தது. விபத்தில் சிக்கியவர், நேரில் கண்டவர் ஆகியோரோடு, இறந்தோர் உடலைத் திரட்டும் மீட்புப் பணியாளர் போன்று கொடிய காட்சிகளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வோரையும் சேர்த்தது. தொலைக்காட்சியிலோ படத்திலோ பார்ப்பது இவ்விதியில் அடங்காது. ஆனால் பார்ப்பது பணியின் பகுதியாக இருந்தால் அடங்கும் என்றும் கூறியது. என் மாமா இரவில் படங்களை வரிசைப்படுத்துவதும் அத்தகைய பணியே.

இது எவ்வாறு நிகழ்கிறது? அச்சமூட்டும் காட்சியைக் காணும்போது உடலில் அட்ரினலின், நாரட்ரினலின் என்னும் சுரப்புகள் பெருகுகின்றன. மூளையில் வாதுமைக் கொட்டை வடிவிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி கிளர்ச்சியுறுகிறது. அவ்வேளையில் கண்டதும் கேட்டதும் முகர்ந்ததும் நினைவில் ஆழப் பதிகின்றன. பின்னர் டீசல் நாற்றம் ஒன்றே போதும். அக்காட்சி முழுவதும் அழையாமலே திரும்ப வருகிறது. தூக்கம் கெடுகிறது. சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடுகிறது. அவ்வழியே போவதையே சிலர் தவிர்க்கின்றனர். சிலர் எதையும் உணராதவர் போல் மரத்துப்போகின்றனர். வீட்டில் குழந்தை சிரித்தாலும் அவர்க்குச் சிரிப்பு வருவதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கண்டவர் எல்லாருக்கும் இந்நோய் வருவதில்லை. முதற்சில வாரங்கள் வருந்திப் பின்னர்த் தாமாகவே தேறுவோரே பெரும்பாலோர். ஒரு மாதத்திற்கு மேலும் துன்பம் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் தாக்கினால்தான் அது நோயாகக் கருதப்படும். நோய் எனில் மருத்துவமும் உண்டு. "ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் என்ன" என்று சொல்லி மதுவால் மறைப்பது மருத்துவம் ஆகாது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தீயணைப்பு வீரர், பிணவறை ஊழியர் ஆகிய பலர் அவ்வாறு மறைத்தே காலம் கழிக்கின்றனர். துணிவில் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். அவர்களிடம் எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

மனத்திற்கு முதலுதவி

இவர்களுக்கு என்ன செய்யலாம்? அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983இல் ஒரு முறையை வெளியிட்டார். நிகழ்ச்சி முடிந்தவுடன் பணியாளரைக் கூட்டி உட்காரவைத்து, கண்டதையெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லச் செய்வது அம்முறை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. பல நாடுகள் அதை மேற்கொண்டன. ஆனால் சோதித்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஒரே அமர்வில் இவ்வாறு பேசவைப்பது நோயைத் தடுப்பதில்லை என்று தெரிந்தது. வற்புறுத்திப் பேசவைத்தால் சிலருக்குத் தீங்கும் நேரலாம். நல்லெண்ணத்தோடு செய்வதையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்னும் அறிவியல் நெறிக்கு இஃதொரு சான்று.

அதற்கு மாறாக, உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் மனநல முதலுதவிக் கையேட்டை வெளியிட்டது. பார், கேள், இணை என்னும் மூன்று சொற்களில் அதை அடக்கலாம். யார் துன்புறுகிறார் என்று பார்; அவர் சொல்ல விரும்பினால் கேள்; சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதே; உணவு, உறக்கம், உறவினர், மருத்துவர் ஆகியவற்றோடு அவரை இணை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. ஒரு குவளைத் தேநீரும் பொறுமையுமே தொடக்கம்.

படங்களோடு பழகும் பணியாளர்க்குச் சில எளிய பழக்கங்கள் உதவும். தேவைப்பட்ட படத்தை மட்டும் திறப்பது. திரையில் சிறிதாக்கிப் பார்ப்பது. முகத்தை மறைத்துக்கொண்டு மற்றப் பகுதிகளை ஆராய்வது. வீடியோவானால் ஓசையை அடைத்துவிடுவது. உறங்கப் போகுமுன் அவ்வேலையைச் செய்யாதிருப்பது. ஒருவரே தொடர்ந்து செய்யாமல் முறை மாற்றிக்கொள்வது. ஸ்டூடியோக்காரர் போல் தனியே வேலை செய்வோர்க்கு முறை மாற்ற ஆள் இல்லை. அவர் வீட்டாரே அவரைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து துன்புறுவோர், 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்கிவரும் டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம்.

நம் கையிலுள்ள காமிரா

நண்பர்களே, ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு காமிரா இருந்தது. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையின் பொருள் நம்மையும் சார்ந்ததே.

மேலைநாடுகள் இதற்குச் சட்டமே இயற்றிவிட்டன. 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். களத்திற்குச் சென்ற பணியாளர் சிலர், கடமைக்கு வேண்டாத படங்களை எடுத்துப் பிறருக்கும் காட்டினர். அதன்பின் கலிபோர்னியா மாநிலம், மீட்புப் பணியாளர் கடமைக்குப் புறம்பாக இறந்தவரைப் படம் எடுப்பதைக் குற்றமாக்கியது. 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதே நாளிலிருந்து ஜெர்மனியிலும், இறந்தவரை இழிவுபடுத்தும் வகையில் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

படமே எடுக்கக்கூடாது என்பது என் கருத்தன்று. எடுக்கும் முறை வேண்டும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின் கடலூரில் அர்கோ தத்தா எடுத்த படம், அவ்வாண்டிற்குரிய உலகப் பத்திரிகைப் படப் பரிசைப் பெற்றது. மணலில் முகம் புதைத்துக் கைகளை விரித்து ஒரு பெண் அழுகிறாள். இறந்தவரின் கை மட்டுமே ஓரத்தில் தெரிகிறது. முகத்தை அவர் காட்டவில்லை. அந்த அடக்கத்தினாலேயே உலகம் அத்துயரை உணர்ந்தது.

நாம் விபத்தைக் காண நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது 108 அல்லது 112க்கு அழைப்பது. உதவி செய்பவரைப் போலீசார் அலைக்கழிப்பார்கள் என்னும் பழைய அச்சம் இன்று வேண்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. உதவிக்குப் பிறர் வந்துவிட்டால், வண்டிகளை அகற்றுமுன் சாலையையும் வண்டிகளின் நிலையையும் டயர்த் தடத்தையும் ஒன்றிரண்டு படங்கள் எடுத்துப் போலீசாரிடம் மட்டும் கொடுங்கள். மனித முகத்தை எடுக்காதீர்கள். பிறர் அனுப்பிய படத்தை மேலும் அனுப்பாதீர்கள். அதை எந்த லயத்தில், எந்தத் தாய் திறப்பாள் என்று நமக்குத் தெரியாது.

நம் தமிழ் மன்றத்திற்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்துகிறோம். இவ்வாண்டு ஒரு நாளை முதலுதவிப் பயிற்சிக்கு ஒதுக்குவோம். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தாரையும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் அழைப்போம். அவர்கள் நமக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுக்கட்டும். பின்னர் தேநீர் அருந்தும்போது, அவர்கள் பேச விரும்பினால், நாம் அமர்ந்து கேட்போம்.